ட்ரூ டேவிஸின் கதையை முடித்துக் கொடுங்கள்: டிஸ்னியின் தொலைக்காட்சிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இந்த மடல் டிஸ்னியில் 20த் டெலிவிஷன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு. 2019 மார்ச்சில் ஃபாக்ஸின் படங்களையும் தொடர்களையும் எடுத்துவந்த நிறுவனத்தை 71 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினீர்கள். அதோடு எத்தனையோ பழைய தொடர்களும் உங்கள் கைக்கு வந்தன. அவற்றில் ஒன்று ‘ட்ரூ காலிங்’. மொத்தமே 26 பகுதிகள். உங்கள் அலுவலகத்தில் இன்று வேலை பார்க்கிற பலருக்கு அந்தப் பெயரே தெரியாமல் இருக்கலாம். எனக்கு அது மிக முக்கியமான தொடர். அதன் கதை பாதியில் நிற்கிறது, அதை முடித்துக் கொடுக்கும் உரிமையும் வசதியும் இப்போது உங்களிடம்தான் இருக்கின்றன. நான் கேட்க வந்தது அதைத்தான். ஏன் கேட்கிறேன், எப்படி முடிக்கலாம் என்று நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தொடரைப் பார்க்காமல் இந்த மடலைப் படிக்கிறவர்களுக்காகக் கதையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ட்ரூ டேவிஸ் என்ற இளம்பெண், கல்லூரி முடித்த கையோடு, டாக்டருக்குப் படிக்கும் ஆசையை மனதில் வைத்துக்கொண்டு, நகரத்துப் பிணவறையில் இரவு வேலைக்குச் சேர்கிறாள். சேர்ந்த புதிதிலேயே கொலையான ஒரு பெண்ணின் உடல் கண்ணைத் திறந்து, அவள் பக்கம் தலையைத் திருப்பி, உதவி செய் என்று கேட்கிறது. அடுத்த நொடி ட்ரூ தன் வீட்டுக் கட்டிலில் கண்விழிக்கிறாள். பார்த்தால் அதே நாளின் காலை. அந்தப் பெண் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள். பொழுது போவதற்குள் அவளைத் தேடிப் பிடித்து, எது அவளைக் கொல்லப் போகிறதோ அதைத் தடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கதையும் இந்த அடித்தளத்தின் மேல்தான்.

2003 அக்டோபர் 30 அன்று ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியது. உருவாக்கியவர் ஜான் ஹார்மன் ஃபெல்ட்மன். ட்ரூவாக நடித்தவர் எலிசா டுஷ்கு. ‘பஃபி’ தொடரில் ஃபெயித்தாக வந்து பெயர் வாங்கியவர், அந்தப் பாத்திரத்தை வைத்தே தனித் தொடர் எடுக்கலாம் என்ற யோசனை வந்தபோது அதை விட்டுவிட்டு இதற்கு வந்தார். பிணவறையில் அவளுடைய மேலாளர் டேவிஸாக (பெயர்தான் ஒன்றுபோல, ட்ரூவுக்கு உறவு இல்லை) ஸாக் கலிஃபியனாகிஸ். அவரை 2009-இல் வந்த ஹேங்ஓவர் படத்தில் மட்டும் பார்த்துச் சிரித்தவர்கள் இங்கே அவர் எவ்வளவு அமைதியாக, எவ்வளவு தனிமையான மனிதராக நடித்திருக்கிறார் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். மாட் போமர், லிஸி கேப்லன், ஏ.ஜே. குக் எல்லாரும் பெரிய பெயர் ஆவதற்கு முன்னால் இந்தத் தொடரில் இருந்தவர்கள்.

நாள் திரும்ப வருகிற கதைகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலும் அந்தத் திரும்புதல் கதாநாயகனுக்காகத்தான் நடக்கும், அவன் திருந்த வேண்டும், அல்லது அவன் தப்பிக்க வேண்டும். ட்ரூ காலிங்கில் நாள் திரும்புவது ட்ரூவுக்காக இல்லை. அவள் விருப்பத்துக்கும் அது திரும்பாது. இறந்தவர் கேட்டால்தான் திரும்பும். மேசையில் கிடக்கிற அத்தனை உடல்களும் கேட்பதில்லை, சில உடல்கள் மட்டும் கேட்கின்றன, அது ஏன் என்று ட்ரூவுக்கும் தெரியாது. காப்பாற்றும் சக்தி அவளிடம் இருக்கலாம், யாரைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவளிடம் இல்லை. இந்த ஒரு விதிதான் எனக்கு இந்தத் தொடரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனியாக நிறுத்துகிறது. இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டுக் காரணம் ஒன்று இருக்கிறது.

என் அப்பா அரசு மருத்துவமனை ஒன்றில் மார்ச்சுவரி அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம், இந்தியா முழுக்கவே, சூரியன் மறைந்த பிறகு போஸ்ட்மார்ட்டம் செய்ய மாட்டார்கள். 2021 நவம்பரில்தான் மத்திய சுகாதாரத் துறை, போதிய வெளிச்சமும் வசதியும் இருக்கிற மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று மாற்றியது, அதுவும் கொலை, தற்கொலை போன்றவற்றைப் பொதுவாக விலக்கிவிட்டு. அதற்கு முன்னால் சாயங்காலம் விபத்தில் போனவரின் உடல் காலை வரை உள்ளே கிடக்கும். போலீஸ் விசாரணைக் காகிதம் வர வேண்டும், டாக்டர் வர வேண்டும். சொந்தக்காரர்கள் ராத்திரி முழுக்க வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது நான் அவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். காலையில அவன் கிளம்பும்போது நான் டீ குடிச்சிட்டுப் போன்னு சொல்லியிருந்தா. அந்த வண்டியை நேத்தே சர்வீஸுக்கு விட்டிருந்தா. நான் போன் பண்ணாம இருந்திருந்தா. ஒவ்வொருவரும் அந்த நாளைக் காலையிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள், எந்த இடத்தில் கையை வைத்து நிறுத்தியிருக்கலாம் என்று தேடுவார்கள், கண்டுபிடித்த இடத்தில் தன்னையே குற்றவாளியாக நிற்க வைப்பார்கள்.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. உடலைப் பார்த்துப் பயமாக இருக்காதா என்று சின்ன வயதில் கேட்டபோது, “உள்ள இருக்கறவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்கப்பா, வெளிய இருக்கறவங்க கேக்கறதுக்குத்தான் எங்கிட்ட பதில் இல்ல” என்றார்.

கல்லூரிக் காலத்தில் நண்பன் ஒருவன் கொடுத்த டிவிடியில் ட்ரூ காலிங்கின் முதல் பகுதியைப் பார்த்தபோது எனக்கு உடல் சில்லிட்டுப் போனது அதனால்தான். இங்கே உள்ளே இருக்கிறவர் கேட்கிறார். கேட்ட மாத்திரத்தில் அந்த மரத்தடி ஆட்கள் ராத்திரியெல்லாம் தேடிய காலை நேரம் ஒருத்தியின் கையில் கிடைத்துவிடுகிறது. பேயும் மந்திரமும் வருகிற ஒரு தொடர், சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் மனம் எப்படி வேலை செய்யும் என்பதை இவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். இன்றைக்கும் அந்த ஆச்சரியம் போகவில்லை.

அதோடு அந்த எழுத்தாளர்கள் அந்தக் காலை நேரத்தைச் சுலபமாக்கிவிடவும் இல்லை. ட்ரூவுக்குத் தெரிந்தது உடலில் இருந்த காயமும், பையில் இருந்த பொருட்களும், கோப்பில் எழுதியிருக்கிற இரண்டு வரியும்தான். அதை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவரின் வாழ்க்கைக்குள் நுழைய வேண்டும். போலீஸிடம் சொல்ல முடியாது, சொன்னால் கொலை நடப்பதற்கு முன்னாலேயே கொலையைப் பற்றிப் பேசுகிற பெண்ணை என்ன செய்வார்கள். காப்பாற்றப்பட வேண்டியவரே அவளைப் பைத்தியம் என்று துரத்துவார். பல கதைகளில் இதுதான் காரணம் என்று அவள் நினைத்ததைத் தடுத்து நிறுத்திய பிறகு, வேறு ஒரு வழியில் அதே சாவு பின்னாலேயே வந்து நிற்கும். விபத்து என்று எழுதியிருந்தது கொலையாக இருக்கும், கொலை என்று நினைத்தது வேறு ஏதோவாக இருக்கும். ஒரு காரணத்தை எடுத்துவிட்டால் சாவு நின்றுவிடும் என்று நாம் நினைப்பது எவ்வளவு எளிமையான நினைப்பு என்று ஒவ்வொரு வாரமும் காட்டினார்கள். எல்லாம் சரியாக முடிந்தாலும் நன்றி சொல்ல ஆள் இருக்காது, ஏனென்றால் தான் செத்தது அவருக்குத் தெரியாது. இந்த ரகசியத்தால்தான் அவளுக்கும் லூக்குக்கும் நடுவில் விரிசல் வந்தது. காதலனிடம் கூட வாய் திறக்க முடியாத வேலை.

குறைகளும் உண்டு, மறைக்கப் போவதில்லை. முதல் சில வாரங்களின் கதைகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அக்கா மெரிடித்தின் போதைப் பழக்கத்தைப் பற்றி அழுத்தமாகத் தொடங்கிவிட்டு, முதல் பருவத்தின் நடுவிலேயே அவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அது எனக்கு இன்னும் வருத்தம். தம்பி ஹாரிசனின் சூதாட்டக் கதைகள் சில வாரங்களில் வெறும் நேரப்போக்கு. ஆனால் ஜாக் வந்தான், எல்லாம் மாறிப்போனது.

ஜாக் ஹார்ப்பராக ஜேசன் பிரீஸ்ட்லி. முதல் பருவத்தின் பின்பாதியில் அதே பிணவறைக்கு வேலைக்கு வருகிறான். சிரித்த முகம், உதவும் குணம், எல்லாருக்கும் பிடித்துப்போகிற ஆள். ஒரு தடவை மருத்துவக் கணக்கில் இறந்தே போய், பிறகு உயிர் திரும்பியவன். ட்ரூவுக்கு நாள் திரும்பும்போது அவனுக்கும் திரும்புகிறது. அவள் காப்பாற்ற ஓடினால், சாக வேண்டியவர் சாக வேண்டும் என்று அவன் ஓடுகிறான். கத்தியோ துப்பாக்கியோ அவனுக்கு அநேகமாகத் தேவைப்படாது. சரியான நேரத்தில் ஒரு பொய் சொன்னால் போதும், ட்ரூவைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தினால் போதும். தான் செய்வதைக் கொலை என்று அவன் நினைக்கவே இல்லை. விதித்தது ஒன்று இருக்கிறது, அதை ஒரு பெண் மாற்றிக்கொண்டே போனால் உலகத்தின் ஒழுங்கு குலைந்துவிடும், நான் அதைச் சரிசெய்கிறேன் என்பது அவனுடைய வாதம்.

எங்களுக்கு இந்தச் சண்டை மிகவும் பழக்கமானது. எங்கள் ஊர்க் கதைகளில் எமன் கெட்டவன் இல்லை, அவனுக்குத் தர்மராஜன் என்றே பெயர், கணக்குப்படி வேலையைச் செய்கிறவன். நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்த எனக்கு திருக்கடையூர் கூப்பிடு தூரம். 16 வயதில் சாக வேண்டிய மார்க்கண்டேயன் சிவலிங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டதும், பாசக்கயிற்றோடு வந்த எமனைச் சிவன் உதைத்ததும் அந்த ஊரில் நடந்ததாகச் சொல்வார்கள், அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் இன்றும் அங்கேதான் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். சாவித்திரி எமன் பின்னாலேயே நடந்து கேட்டுக் கேட்டுக் கணவனின் உயிரை வாங்கி வந்தாள். கேட்டவருக்கு உயிர் திரும்பக் கிடைப்பதும், கணக்கு வைத்திருப்பவன் அதைத் தடுக்கப் பார்ப்பதும் நாங்கள் பாட்டி மடியில் கேட்ட கதைகள். ஃபெல்ட்மன் இவற்றை அறிந்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கதைகளோடு வளர்ந்த ஒருவனுக்கு ட்ரூவும் ஜாக்கும் எதிரெதிரே நிற்கும் காட்சிகள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2021 நவம்பரில் தமிழில் ‘மாநாடு’ வந்தது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும், முதலமைச்சரின் கொலையையும் அதற்குப் பின்னால் வரப்போகிற கலவரத்தையும் நாயகன் தடுக்க வேண்டும். அந்தப் படத்தில் தியேட்டரே எழுந்து கத்திய இடம், வில்லனுக்கும் அந்த நாள் திரும்புகிறது என்று தெரிகிற இடம்தான். அதுவரை நாயகனுக்கு மட்டும் இருந்த பலம் இரண்டாகப் பிரிகிறது, கதை அந்த இடத்தில் உயிர் பிடிக்கிறது. கைதட்டல் நடுவே எனக்கு ஜாக் ஹார்ப்பரின் ஞாபகம் வந்தது. இரண்டு கதைகளும் வேறு வேறு, இதைப் பார்த்து அதை எடுத்தார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். எதிராளிக்கும் அதே நாளைக் கொடுத்தால் கதை எவ்வளவு உயரத்துக்குப் போகும் என்பதை அன்றைக்குத் தமிழ் ரசிகர்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்த உயரத்துக்கு உங்கள் தொடர் 2004-லேயே ஏறத் தொடங்கியிருந்தது. ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் நிறுத்தினார்கள்.

எப்படி நிறுத்தினார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். முதல் பருவம் வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு ஓடியது. அதே மணிக்கு ஒரு பக்கம் என்பிசியில் ஃப்ரெண்ட்ஸ், அதுவும் அதன் கடைசிப் பருவம், இன்னொரு பக்கம் சிபிஎஸ்ஸில் சர்வைவர். அந்த வருடம் அமெரிக்காவில் அந்த நேரத்தில் புதிதாக எதை வைத்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் 20 பகுதிகள் ஓடி, 2004 ஏப்ரல் 29 அன்று முதல் பருவம் முடிந்தது. அதன் முடிவில் லூக் செத்துப்போகிறான், இந்த முறை ட்ரூவுக்கு நாள் திரும்பவில்லை. எத்தனையோ அந்நியர்களுக்குத் திரும்பிய நாள், அவள் நேசித்தவனுக்குத் திரும்பவில்லை. அதே சமயம் ஜாக்குக்குப் பின்னால் இருப்பவர் ட்ரூவின் சொந்த அப்பா ரிச்சர்ட் என்பது நமக்குத் தெரிகிறது. ட்ரூவின் அம்மா எலிஸுக்கும் இதே சக்தி இருந்தது, அவளுடைய கொலைக்குப் பின்னால் இருந்ததும் அவர்தான். ஒரு வீட்டுக்குள்ளேயே, கணவனும் மனைவியும் வாழ்வுக்கும் சாவுக்கும் இரண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்.

இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, 11 மாதம் தொடரைக் காணோம். 2005 மார்ச் கடைசியில் இரண்டாம் பருவம் வந்தது. ட்ரூ மருத்துவக் கல்லூரியில் சேர்கிறாள், புது நண்பர்கள் வருகிறார்கள், ரிச்சர்ட் மகனைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறார், டேவிஸ் நம்பி நேசிக்கிற டாக்டர் கேரி ரகசியமாக ரிச்சர்டின் ஆள். சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் நகர்ந்து நின்றிருந்த நேரம். எடுத்தது 6 பகுதிகள், அதில் ஃபாக்ஸ் ஒளிபரப்பியது 5. ஏப்ரலோடு முடிந்தது. கிறிஸ்துமஸை வைத்து எடுத்த ஆறாவது பகுதியை அன்றைக்கு அவர்கள் போடக்கூட இல்லை.

அந்த முடிவை எடுத்தது சேனல், நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஃபாக்ஸ் சேனல் இன்றும் தனியாக வேறு நிறுவனத்தில் இருக்கிறது, உங்களிடம் வந்தது தொடரை எடுத்த ஸ்டூடியோ. ஆகவே பழி சொல்ல நான் உங்களிடம் வரவில்லை. உங்களிடம் வந்திருப்பது, முடிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது, இதே சேனலில் இதே காலத்தில் நிறுத்தப்பட்ட தொடர்களுக்கே நடந்திருக்கிறது. ‘ஃபயர்ஃப்ளை’யை 2002-இல் ஃபாக்ஸ் பாதியில் நிறுத்தியது, 2005-இல் ‘செரினிட்டி’ என்ற படமாக அந்தக் கதை திரும்ப வந்தது. ‘24’ 2014-லிலும், ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ 2016-லிலும், ‘ப்ரிசன் பிரேக்’ 2017-லிலும் திரும்ப வந்தன. அவையெல்லாம் பெரிய தொடர்கள், இதற்கு அவ்வளவு கூட்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நான் கேட்பது அவ்வளவு செலவு பிடிக்கிற ஒன்றை இல்லை. ‘பஃபி’ தொலைக்காட்சியில் 2003-இல் முடிந்த பிறகு, 2007-லிருந்து டார்க் ஹார்ஸ் பதிப்பகம் அதன் எட்டாம் பருவத்தைக் காமிக்ஸாகக் கொண்டுவந்தது. பஃபியை எடுத்ததும் இதே ஸ்டூடியோதான். ட்ரூ காலிங்குக்கும் அதைச் செய்யுங்கள். காமிக்ஸ் என்றால் நடிகர்களின் வயது ஒரு தடையே இல்லை, அவர்கள் தேதி தர வேண்டியதில்லை, செட் போட வேண்டியதில்லை. 2009-இல் மார்வெலை வாங்கியவர்கள் நீங்கள், வரைய ஆள் தேடி வெளியே போகவே வேண்டாம். ஃபெல்ட்மனையும் அவரோடு எழுதியவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். விட்ட இடத்திலிருந்து, அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாளிலிருந்து, தொடங்கச் சொல்லுங்கள்.

புது முகங்களை வைத்து முதலிலிருந்து எடுக்கலாம் என்று யாராவது உங்கள் மேசையில் யோசனை வைத்தால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இன்றைக்கு எடுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ட்ரூ தன் சக்தியைக் கட்டுப்படுத்தப் பழகுவாள், நினைத்தபோது நாளைத் திருப்புவாள், யாரைக் காப்பாற்றுவது என்று அவளே தேர்வு செய்வாள். அந்த நொடியில் அது வேறு தொடர். இறந்தவர் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது, இந்த விதியைத் தொடக்கூடாது. லூக்கின் சாவு நெஞ்சை அறுத்ததே அந்த விதி அவளுக்காகக் கூட வளையவில்லை என்பதால்தான்.

இன்னொன்று, ஜாக்கின் பக்கத்துக்கு முழு நியாயம் செய்ய வேண்டும். கடைசியில் அவனைச் சாதாரணக் கொலைகாரன் ஆக்கி, ட்ரூ அவனைத் தோற்கடித்தாள் என்று முடித்தால் அது ஏமாற்று வேலை. செத்துத் திரும்பி வந்த ஒருவன் ஏன் மற்றவர்களைச் சாகவிட நினைக்கிறான், அந்த இடைப்பட்ட நேரத்தில் அவன் எதைக் கண்டான் என்பதை அவன் வாயால் நாங்கள் கேட்க வேண்டும். ரிச்சர்டின் விஷயமும் அப்படித்தான். மனைவியைக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டு மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவாக அதே ஊரில் வாழ்ந்த ஒரு மனிதர் தனக்குத் தானே என்ன சொல்லிக்கொண்டிருப்பார்? எலிஸுக்கு அவரைப் பற்றித் தெரிந்திருந்ததா? தெரிந்தும் சேர்ந்து வாழ்ந்தாளா? எனக்கு இது வில்லன் ரகசியம் என்பதைவிட ஒரு கல்யாணத்தின் கதை. எத்தனை பக்கம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதைச் சரியாக எழுதச் சொல்லுங்கள்.

பிணவறையை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ட்ரூ டாக்டர் ஆகட்டும், சந்தோஷம். ஆனால் அந்த இரவு வேலை, டேவிஸின் தேநீர்க் கோப்பை இருக்கும் மேசை, உடலைத் தொடுகிறவர்களுக்கு மட்டும் பழகிப்போகிற அந்த அமைதி, இதெல்லாம் இந்தக் கதையின் உடம்பு. உலகம் முழுக்க இந்த வேலையைச் செய்கிறவர்களை அக்கம்பக்கத்தார் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கிறார்கள். என் அப்பாவோடு கை குலுக்கத் தயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஓர் இடத்தைக் கதையின் நடுவில் வைத்து, அங்கே வேலை செய்கிற இரண்டு பேரை அந்த ஊரிலேயே மிக இரக்கமுள்ள மனிதர்களாகக் காட்டிய தொடர் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவரை உட்கார வைத்து சில பகுதிகளைப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாகப் புரியாது, பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டே வந்தேன். உடல் கண் திறக்கிற காட்சிகளுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. டேவிஸ் ஒரு உடலைத் துணியால் மூடுகிற விதத்தைப் பார்த்துவிட்டு, “இந்தாளு சரியா செய்யறான்” என்றார்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். காமிக்ஸுக்கு முடிவெடுக்க உங்களுக்குப் பல கூட்டங்கள் தேவைப்படும், அது எனக்குப் புரிகிறது. சப்டைட்டிலுக்கு அவ்வளவு தேவையில்லை. உங்கள் தொடர்களும் படங்களும் எங்கள் ஊரில் ஜியோஹாட்ஸ்டாரில் தமிழில் வந்துகொண்டுதான் இருக்கின்றன, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மார்வெல் படங்களைத் தமிழில்தான் பார்க்கிறார்கள். அதே மாதிரி ட்ரூ காலிங்கின் 26 பகுதிகளையும், அந்த ஆறாவது பகுதியையும் அதற்குரிய இடத்தில் வைத்து, தமிழ் சப்டைட்டிலோடு கொடுங்கள். டப்பிங் செய்தால் இன்னும் நல்லது. மரத்தடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்த மக்களின் மொழி அது, இந்தக் கதை யாருக்காவது சட்டென்று புரியும் என்றால் அவர்களுக்குப் புரியும். அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அடுத்த தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்காமல் அவரே படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சப்டைட்டிலிலிருந்து தொடங்குங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். முடிவு எதுவானாலும் ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாகப்பட்டினத்திலிருந்து ஒரு ட்ரூ காலிங் ரசிகன்